நகராமலே தாக்கும் பிஷப்

"சதுரங்கத்தில் நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அடுத்து எந்தப் பக்கம் போவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கிங்ஸ் இந்தியன் தற்காப்பு என்ற திறப்பில் (ஆட்டத்தின் தொடக்க முறையில்) அடிக்கடி வரும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; ஏ முதல் டி வரை ராணி பக்கம், இ முதல் எச் வரை ராஜா பக்கம். வெள்ளைச் சிப்பாய்கள் சி4, டி5, இ4. கறுப்பு சி7, டி6, இ5. ஒன்றையொன்று காத்து மூலைவாட்டில் நிற்கும் சிப்பாய் வரிசைதான் சங்கிலி. வெள்ளைச் சங்கிலி ராணி பக்கம் சாய்ந்திருப்பதால் அங்கே வெள்ளைக்கு இடம் அதிகம். கறுப்புக்கு ராஜா பக்கம். சங்கிலியை அடியில் தாக்கு என்பது சதுரங்க மேதை நிம்சோவிச் வலியுறுத்திய விதி. ஆகவே வெள்ளை சி5 தள்ளி டி6-ஐ இடிக்கும். கறுப்பு எஃப்5 தள்ளி இ4-ஐ இடிக்கும். வெள்ளை எஃப்3 என்று முட்டுக்கொடுத்தால் சங்கிலியின் அடி எஃப்3-க்கு இறங்கிவிடுகிறது. உடனே கறுப்பு எஃப்4, ஜி5 என்று போய், ஜி4-க்குத் தயாராகும். 1953-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் நைடோர்ஃபைக் கறுப்பில் ஆடிய கிளிகோரிச் இப்படித்தான் வீழ்த்தினார். திறப்பின் இந்த வகைக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு தாக்குதல்களுக்கும் இடையிலான ஓட்டத்தில் பெரும்பாலும் வெள்ளைதான் முந்தும். ஆனால் வெள்ளைக்குக் கிடைப்பது ஒரு சிப்பாய், மிஞ்சினால் ஒரு யானை. கறுப்பு குறிவைப்பதோ ராஜாவை. 1989-இல் நெதர்லாந்தின் டில்பர்க்கில் வெள்ளையில் ஆடிய பிக்கெட்டின் குதிரை சி7-க்குள் புகுந்து ஏ8 யானையை வெட்டியது. யானை போகும் என்று தெரிந்தே, கறுப்பில் ஆடிய காஸ்பரோவ் ஜி சிப்பாயைத் தள்ளிக்கொண்டு போனார்; ஜெயித்தவரும் அவரே. கணினியின் சதுரங்க இன்ஜினைக் கேட்டால் இந்த அமைப்பில் வெள்ளைக்குச் சாதகம் என்று ஓர் எண்ணைக் காட்டும். பொய்யில்லை. வெள்ளை பிசகாமல் தற்காக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் அந்த எண்ணில் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு ஒரு திறப்பையே கைவிடுவது ராசிபலன் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது மாதிரி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த காய், சி8-இல் சும்மா உட்கார்ந்திருக்கும் கறுப்பு பிஷப். டி6, இ5, எஃப்4 என்று கறுப்புச் சிப்பாய்கள் எல்லாம் அடர்கட்டங்களில் நிற்கின்றன. அதனால் ஜி7 பிஷப்புக்கு மூச்சுமுட்டுகிறது. எஃப்8-க்குப் பின்வாங்கி டி6-க்குக் காவல் நிற்பதே அதன் பிழைப்பு. வெளிர்கட்ட பிஷப்புக்கு அந்தத் தடை இல்லை. சி8-இலிருந்து எச்3 வரை கோடு திறந்தே கிடக்கிறது. இருந்த இடத்திலிருந்தே ஜி4-க்குப் பலம் கொடுக்கும். ஜி4-ஐத் தடுக்க வெள்ளை எச்3 ஆடினால், அந்தச் சிப்பாயின்மேலேயே விழுந்து உயிரைக் கொடுத்து ராஜாவின் முன்வாசலைப் பெயர்த்துவிடும்.

வெள்ளைக்கும் இது தெரியும். அதனால் சி3 குதிரையை பி5, ஏ7 என்று தாவவிட்டு, ஒரு தடவைகூட நகராத அந்த பிஷப்பை சி8-இலேயே வெட்டப் பார்க்கும். குதிரை ஏ7-இல் இறங்கத் துணை, எஃப்2-இலிருந்து அந்தக் கட்டத்தைப் பார்க்கும் வெள்ளை பிஷப். கறுப்பு பி6 தள்ளி அந்தக் கோட்டை அடைக்கும். பிறகு ஏ6 தள்ளி குதிரையை விரட்டும். பலவீனமான பக்கத்தில் சிப்பாயைத் தொடாதே என்ற பாடத்துக்கு இது நேர்மாறு. சி8 பிஷப் பிழைக்கிறது என்றால் அந்த மீறல் மலிவுதான்.