இரு தரப்பிலும் 64 பேர்: தடுப்பூசியின் பலனை அளப்பது எப்படி?

2021ஆம் ஆண்டு கோவிட் இரண்டாம் அலையின்போது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் ஊழியர்களிடையே தடுப்பூசி எந்த அளவுக்குப் பலன் தந்தது என்று ஆராய்ந்தது. தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர்கள் 64 பேர். ஒரு தவணைகூடப் போடாதவர்களும் 64 பேர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் ஊசியால் பயனே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் முதல் 64 பேர் 7,080 பேரில் அடங்கியவர்கள். அடுத்த 64 பேரோ வெறும் 1,609 பேரில் அடங்கியவர்கள். அதாவது ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 0.9 பேரும், போடாதவர்களில் நூற்றுக்கு 4 பேரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

4 என்பது 0.9 ஆகக் குறைந்தால், ஆபத்து ஏறத்தாழ 77 சதவீதம் குறைந்திருக்கிறது என்று பொருள். தடுப்பூசியின் செயல்திறன் என்று செய்திகளில் வருவது இந்தச் சதவீதம்தான். 77 சதவீதம் என்றவுடன், ஊசி போட்ட நூறு பேரில் மீதி 23 பேர் மருத்துவமனைக்குப் போவார்கள் என்று புரிந்துகொள்பவர்கள் நிறைய உண்டு. அது தவறு, போனவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அதே ஆய்வில் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. தொற்றே வராமல் தடுப்பதில் இரண்டு தவணைகளின் செயல்திறன் 65 சதவீதம்; மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுப்பதில் 77; ஆக்சிஜன் தேவைப்படும் நிலையைத் தடுப்பதில் 92; தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் காப்பதில் 94. கடைசி இரண்டு நிலைகளிலும் நோயாளிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது (ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் ஊசி போட்டவர்களில் 4 பேர், போடாதவர்களில் 11 பேர்) என்பதால், 92க்கும் 94க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நோய் கடுமையாக ஆக ஆகப் பாதுகாப்பு கூடுகிறது என்ற போக்கு, பிற நாடுகளின் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று.

இதற்குக் காரணம், வைரஸும் நம் உடலும் எடுத்துக்கொள்ளும் கால அளவில் இருக்கிறது. வைரஸ் முதலில் இறங்குவது மூக்கிலும் தொண்டையிலும். கையின் தசையில் போடப்படும் ஊசி ரத்தத்தில் ஏராளமான ஆன்டிபாடிகளை (வைரஸைப் பிடித்து முடக்கும் புரதங்களை) உண்டாக்கினாலும், மூக்கின் உட்சவ்வைக் காக்கும் ஐஜிஏ வகை ஆன்டிபாடிகளை அந்த அளவுக்கு உண்டாக்குவதில்லை. ரத்தத்தில் இருப்பவையும் சில மாதங்களில் குறையத் தொடங்குகின்றன. அதனால் வைரஸ் உள்ளே நுழைந்து, சில நாட்களில் பெருகிக் காய்ச்சலையும் இருமலையும் கொண்டுவந்துவிட முடிகிறது. ஆனால் மூச்சுத்திணறல் பெரும்பாலும் அறிகுறிகள் தொடங்கி ஒரு வாரத்தை ஒட்டித்தான் வருகிறது. இந்த இடைவெளியில், ஊசியால் முன்பே பழக்கப்பட்ட நோயெதிர்ப்புச் செல்களான நினைவு பி செல்கள் விழித்துப் புதிய ஆன்டிபாடிகளைச் சுரக்கச் செய்கின்றன. இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கின்றன. தொற்றைத் தடுக்க இவை தாமதம். நுரையீரலைக் காப்பாற்றப் போதுமான வேகம். மேலும், டி செல்கள் வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதத்தில் பல பகுதிகளை அடையாளம் காண்பவை என்பதால், ஒமைக்ரான் போல உருமாறி ஆன்டிபாடிகளுக்குத் தப்பிய வகைகளாலும் அவற்றிடமிருந்து எளிதில் தப்ப முடியவில்லை.

எண்களைப் படிப்பதில் உள்ள இன்னொரு சிக்கல் வயது. 2021 ஆகஸ்ட் நடுவில், பைசர் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டிருந்த இஸ்ரேலில், கடுமையான நோயுடன் மருத்துவமனையில் இருந்த 515 பேரில் 301 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள். உலகெங்கும் தலைப்புச் செய்தியான இந்தக் கணக்கை மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தாலும் செயல்திறன் 67.5 சதவீதமே வந்தது. ஆனால் 50 வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்தவுடன் முறையே ஏறத்தாழ 92, 85 சதவீதம் என்று உயர்ந்தது. ஒட்டுமொத்தச் சராசரி இரண்டு பிரிவுகளையும் விடக் குறைவாக இருப்பது விந்தையாகத் தோன்றலாம். அங்கே ஊசி போட்டவர்களில் முதியவர்கள் அதிகம். போடாதவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதியவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல். வயதைக் கலந்துவிட்டால், முதுமையின் சுமை ஊசியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்னொன்றும் கண்ணுக்குத் தப்பும். அந்த இஸ்ரேல் கணக்கில், 50 வயதுக்குக் கீழே கடுமையான நோய் ஊசி போடாதவர்களில் லட்சத்துக்கு 3.9, போட்டவர்களில் 0.3; 50 வயதுக்கு மேலே போடாதவர்களில் 91.9, போட்டவர்களில் 13.6. செயல்திறன் முதியவர்களிடம் குறைவுதான். ஆனால் லட்சம் பேருக்கு 78 பேர் அங்கே தப்பியிருக்கிறார்கள், இளையவர்களில் தப்பியவர்கள் நான்கு பேருக்கும் குறைவு. ஊசி போட்ட பிறகும் மிஞ்சும் ஆபத்து முதியவர்களிடமே அதிகம் என்பதால், இஸ்ரேல் அந்த ஆண்டு ஜூலை இறுதியில் மூன்றாம் தவணையை 60 வயதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்கியது.