வாடகைக்குப் போகும் பாஸ்புக்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளும் படகுக்காரருக்குப் பழுதுபார்க்கிற செலவு, கூலிக்குப் போகிறவருக்கு வருமானமே இல்லை. அரசு தருகிற தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது வீடு நடத்துகிறவர்களுக்குத் தெரியும். இளவட்டப் பையன்கள் கையில் செல்போன் அதிக நேரம் இருப்பதும் அப்போதுதான். 'வீட்டிலிருந்தே வேலை', 'தினமும் 2,000 ரூபாய்' என்கிற ரீல்ஸை ஒருமுறை நின்று பார்த்துவிட்டால் போதும், அடுத்த நாளிலிருந்து அதே மாதிரி பத்து வந்து விழும். ஜூன் பாதியில் படகுகள் கிளம்பிவிடுகின்றன. அந்த ரீல்ஸின் மிச்சம் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் என்னைப் போன்ற வழக்கறிஞர்களிடம் வந்து சேர்கிறது.

இணைய மோசடி என்றால் பணத்தைப் பறிகொடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி அது ஓரளவு மனதில் பதிந்தும் விட்டது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பறிகொடுக்கப் பணமே இல்லாதவர்கள். ஆனாலும் மோசடிக்காரர்களுக்கு வேண்டிய ஒன்று அவர்களிடம் இருக்கிறது: அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு.

புனேயிலோ பெங்களூரிலோ ஒருவரை மிரட்டி ஐந்து லட்சம் பறிக்கிறவன் அதைத் தன் கணக்கில் வாங்க மாட்டான். வாங்கினால் அன்றைக்கே மாட்டிக்கொள்வான். அதனால் ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவரின் கணக்குக்கு முதலில் அனுப்புகிறான். சில நிமிடங்களில் அது பத்துக் கணக்காகப் பிரிகிறது, அங்கிருந்து இன்னும் பலவாகப் பிரிகிறது. கடைசியில் ஏடிஎம்மில் எடுக்கப்படுகிறது, அல்லது கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டே போய்விடுகிறது. நடுவிலுள்ள அத்தனை கணக்கும் உண்மையான ஆதார், உண்மையான பான், உண்மையான முகத்தோடு திறக்கப்பட்டவை. அதில் ஒன்று தங்கச்சிமடத்துப் பையனுடையது, இன்னொன்று தொண்டிக்காரருடையது.

அந்தக் கணக்கு எப்படிக் கை மாறுகிறது என்பதுதான் நம் ஊர் கவனிக்க வேண்டிய இடம். விளம்பரம் இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ வருகிறது, அது சரி. ஆனால் டெலிகிராமில் முகம் தெரியாதவன் கேட்டதற்காகப் பாஸ்புக்கைத் தூக்கிக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்கிறவன் தெரிந்தவனாகத்தான் இருக்கிறான். கூடப் படித்தவன், சித்தப்பா மகன், ஒரே படகில் போகிறவன். "மாப்ள, உன் அக்கவுண்ட்டு சும்மாதான கெடக்கு? ரெண்டு மாசத்துக்குக் குடுடா, மாசம் அஞ்சாயிரம் வரும். கம்பெனிக்காரங்க வருமான வரிக்காகக் கேக்குறாங்க." அவ்வளவுதான் பேச்சு. பாஸ்புக், ஏடிஎம் அட்டை, அந்தக் கணக்கோடு இணைத்த சிம் கார்டு, மூன்றும் ஒரு கவரில் போய்விடும். கேட்டவனுக்குக் கணக்குக்கு இவ்வளவு என்று கமிஷன். அவனுக்கு மேலே யார் என்பது பெரும்பாலும் அவனுக்கே தெரியாது, ஒரு டெலிகிராம் பெயர்தான் தெரியும்.

இந்தக் கரையில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் முகத்தை வைத்துத்தான். மீன் வியாபாரி தருகிற முன்பணமாகட்டும், தெருவில் போடுகிற சீட்டாகட்டும், கீழக்கரையில் ஒரு காக்கா (அண்ணன்) சொன்னார் என்று துபாய் விசாவுக்குக் கட்டுகிற பணமாகட்டும், பத்திரமா எழுதினோம்? இந்த நம்பிக்கையை மோசடிக்காரன் உண்டாக்க வேண்டியதில்லை. ஊருக்குள் ஆயத்தமாக இருக்கிறது, ஆளுக்கு இரண்டாயிரம் கமிஷன் கொடுத்தால் கிடைத்துவிடும். தொழில்நுட்பம் நம்மை என்ன செய்கிறது என்று கேட்டால் என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். முகம் தெரியாதவர்களின் மோசடி, கடைசி ஓர் அடியை நம் சொந்தக்காரன் காலால்தான் நடக்கிறது.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர், விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த தழும்பு. பிளாஸ்டிக் கவருக்குள் பாஸ்புக், அதற்குள் நான்காக மடித்த வங்கிச் சீட்டு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை எடுக்கப் போனபோதுதான் கணக்கு முடக்கப்பட்டது தெரிந்திருக்கிறது. "எதுக்குன்னு கேட்டா தெலங்கானா போலீஸுங்கறாங்க சார். நான் மதுரையத் தாண்டிப் போனதில்ல." வங்கியில் வாங்கி வந்த ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். உரிமைத் தொகை, பாசி விற்ற காசு, குழுக் கடன் தவணை என்று மாதத்துக்கு நாலைந்து வரி. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்றரைப் பக்கம். காலை பதினொன்றே காலுக்கு 1,80,000 உள்ளே வருகிறது, பதினொன்றரைக்குள் நாற்பதாயிரம், ஐம்பதாயிரமாக வெளியே போய்விடுகிறது. மீதி 312 ரூபாய். மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று வங்கி பிடித்தம் போட்டிருந்ததால் அம்மாவின் கணக்கைக் கொடுத்திருக்கிறான்.

இதைப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு யாரும் கோடீஸ்வரனாக ஆசைப்பட முடியாது. மளிகைக் கடைப் பாக்கி அது. அதே சமயம், ஒன்றுமே தெரியாது என்கிற பேச்சையும் நான் முழுசாக நம்புவதில்லை. சிம் கார்டையே கேட்கிறான் என்றால் ஏதோ தப்பு என்று எந்தப் பையனுக்கும் உள்ளுக்குள் உறைக்கத்தான் செய்யும். அப்புறம் வங்கிகள். முகாம் போட்டு ஒரே நாளில் கணக்குகளைத் திறந்து இலக்கை முடிக்கிறவர்கள், மாதம் இரண்டாயிரம் புரள்கிற கணக்கில் திடீரென்று லட்சங்கள் பாயும்போது ஏன் விழித்துக்கொள்வதில்லை? இந்த மாதிரி வாடகைக் கணக்குகளை ('மியூல்' கணக்கு என்பார்கள்) கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு 'மியூல் ஹன்டர்' என்றொரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கி, 2024 டிசம்பரில் அது அறிவிக்கப்பட்டது. கிளை அளவில் அதன் பலன் தெரிந்தால் சந்தோஷம்தான்.

கணக்கையே கொடுக்காதவர்களும் மாட்டுகிறார்கள். 'வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்' என்கிற வேலையில் முதல் இரண்டு நாள் 150, 300 என்று உண்மையாகவே பணம் வரும். நம்பிக்கை வந்ததும் 'நீங்கள் கொஞ்சம் பணம் போட்டால் பெரிய டாஸ்க்' என்பார்கள். போட்டதைப் பறிகொடுப்பது தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, அந்த முதல் 150 ரூபாய். அதுவே வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் அந்த 150-ஐத் தொடர்ந்து வந்தே உங்கள் கணக்கு முடங்கலாம்.

முடக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணுக்கோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்துக்கோ தகவல் கொடுக்கிறார். புகாருக்கு ஓர் எண் விழுகிறது. பணம் போன வழியிலுள்ள ஒவ்வொரு வங்கிக்கும் அந்த எண்ணோடு தகவல் போய், மிச்சமிருக்கிற பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள். சேதி சீக்கிரம் போனால்தான் பணம் தப்பும். பறிகொடுத்தவர்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930-ஐ அழைக்க வேண்டும் என்பது அதனால்தான். போலீஸ் ஒரு கணக்கை முடக்க இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவைப் பயன்படுத்துகிறார்கள். பழைய சட்டத்தில் இது 102. அப்படி முடக்கினால் உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அது நடந்ததா என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் வங்கிக்குப் போனால் சண்டை போடாதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். புகார் எண் என்ன, எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை சர்ச்சையில் இருக்கிறது, அந்தத் தொகையை மட்டும் நிறுத்தியிருக்கிறார்களா, கணக்கையே பூட்டிவிட்டார்களா. கடைசிக் கேள்வி முக்கியம். ஐயாயிரம் ரூபாய்ச் சர்ச்சைக்காகக் கணக்கு முழுவதையும் காலவரையில்லாமல் முடக்கி வைப்பது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்ட வழக்குகள் உண்டு. சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைப் புழங்க அனுமதித்திருக்கிறார்கள். விவரம் கிடைத்ததும் அந்தக் காவல் நிலைய விசாரணை அதிகாரிக்கு ஸ்டேட்மென்ட்டோடு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். புகார் இணையதளத்திலேயே ஒவ்வொரு மாநிலத்துக்குமான பொறுப்பு அதிகாரியின் தொடர்பு விவரம் இருக்கிறது. பதில் இல்லையென்றால் நீதிமன்றம். உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவென்றால் நமக்கு மதுரைக் கிளை.

இதற்கு நடுவில் இன்னொரு கூட்டம் வரும். "ஹைதராபாத் சைபர் கிரைமிலிருந்து பேசுகிறேன், இருபதாயிரம் அனுப்பினால் கணக்கைத் திறந்துவிடுவோம்" என்று வாட்ஸ்அப்பில் முத்திரை போட்ட நோட்டீஸோடு வருவார்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும், அதே நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் பணம் அனுப்பாமல் உள்ளூர்க் காவல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். உண்மையான நோட்டீஸ் கையில் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம், ஆஜராகாமல் விட்டால் கைது வரை போகும்.

கணக்கைத் தெரிந்தே கொடுத்தது நிரூபணமானால் சாதாரணத் தண்டனை இல்லை. ஏமாற்றுதலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 318(4)-இல் ஏழு ஆண்டு வரை. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-இல் மூன்று ஆண்டு வரை, ஒரு லட்சம் வரை அபராதம். போலீஸ் கையில் முதலில் கிடைப்பது வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள) ஆவணத்திலுள்ள பெயர், அது உங்கள் பையன் பெயர். 'தெரியாமல் கொடுத்தேன்' என்பதற்கு அவனிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அந்த வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல். பயத்தில் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறான்! டெலிகிராமில் எதிராளியே இரண்டு பக்கமும் அழித்துவிடவும் முடியும். ஆகவே விஷயம் தெரிந்த அன்றே எண்ணும் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போனை விற்காதீர்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது மின்னணு ஆதாரத்துக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

கணக்குக் கொடுத்த பையனை அடுத்து அழைப்பது 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை' என்று. வளைகுடா வேலை பழகிய கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இந்த விளம்பரம் எளிதாக எடுபடும். தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய் மியான்மர் எல்லையில் சிக்கி மோசடி வேலை செய்ய வைக்கப்பட்ட இந்தியர்கள் 500 பேருக்கு மேல் 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முடங்கிய கணக்கில் நிவாரணம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஆதார் வழியாக வருகிற தொகை, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். வேறு வங்கியிலோ தபால் நிலையத்திலோ கணக்குத் திறந்து ஆதாரை அங்கே மாற்றிக்கொண்டால் அடுத்த தவணையாவது கைக்கு வரும். கணக்கு எண் கொடுத்து வாங்குகிற உதவிகளுக்கு அந்தந்தத் துறையில் எண்ணை மாற்ற மனுக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக எல்லா வீட்டிலும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வாங்கிக் குடுத்தது என் அண்ணன் மகன்தான். அவன் பேரச் சொல்லணுமா சார்?" சொல்ல வேண்டும். சின்னப்பாலத்து அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார். பெயர், போன் எண், கமிஷன் வந்த யுபிஐ விவரம் மூன்றையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்புகிற முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், தப்பிப்பதற்காக யோசித்துச் சேர்த்த பெயர் என்று அரசுத் தரப்பு வாதாடும், அதற்குள் அண்ணன் மகனின் போனும் மாறியிருக்கும்.