ஜாக்: கிதாரின் செருகுவாய்

"கிதார்ல ஜாக் போயிருச்சு" என்று யாராவது சொன்னால், பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது "எந்த ஜாக்?" என்றுதான். கேபிள் முனையில் இருக்கும் உலோகக் குச்சியையும் ஜாக் என்கிறோம், அது போய் நுழையும் இடத்தையும் ஜாக் என்கிறோம். 'ஜாக் பின்' என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்பவர்களும் உண்டு. குச்சிக்குப் பெயர் பிளக். கிதாரின் உடம்பில் பதிந்திருப்பதுதான் ஜாக். முன்னது கெட்டால் வேறு கேபிள் போதும். பின்னது கெட்டால் கிதாரைத் திறக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஜாக் முதலில் ஆள் பெயர். ஜான் என்பதைச் செல்லமாகக் கூப்பிடும் வடிவம். ஊரெல்லாம் வழங்கிய பெயர் என்பதால் நாளடைவில் 'யாரோ ஒரு பையன்', 'எடுபிடி ஆள்' என்ற பொருளும் ஏறியது. அப்புறம் எடுபிடியின் வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வண்டியைத் தூக்கும் ஜாக் அப்படி வந்தது; நாம் அதை ஜாக்கி ஆக்கிக்கொண்டோம். சீட்டுக்கட்டில் ராஜா ராணிக்குக் கீழே நிற்பவனும் ஜாக்தான். ஹார்ப்சிகார்ட் என்ற பழைய ஐரோப்பிய இசைக்கருவியில், கட்டையை அழுத்தியதும் எழும்பித் தந்தியைச் சுண்டும் மரத்துண்டுக்கும் இதே பெயர். பலாப்பழத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் ஜாக் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது நம் பக்கத்துச் சொல். மலையாளத்துச் சக்க, போர்த்துக்கீசியர் வாயில் 'ஜாக்கா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது.

மின்சாரத்துக்குள் இந்தப் பெயர் நுழைந்தது தொலைபேசி வழியாக. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1878 ஜனவரியில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறந்தது. யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களின் கம்பிகளை இணைப்பகத்தில் உட்கார்ந்திருப்பவர் கையாலேயே சேர்த்துவிட வேண்டும். அதற்காக அந்த ஆண்டுகளில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் என்ற பொறியாளர் ஓர் இணைப்பியை வடிவமைத்தார். உள்ளே வில்விசை தாங்கிய ஓர் உலோக நெம்பு. குச்சியைச் செருகினால் அது விலகிக்கொடுத்து, குச்சியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் 'ஜாக் நைஃப்' என்றார்கள். கத்தி போய் ஜாக் மட்டும் நின்றதாகச் சொல்வார்கள். இன்று கிதாரில் நாம் செருகும் 6.35 மில்லிமீட்டர் பிளக், அதாவது கால் அங்குலப் பிளக், அந்த இணைப்பகப் பலகையின் நேர் வாரிசு.

இந்தப் பிறப்புக் கதையை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜாக் என்றதும் நமக்கு ஓட்டைதான் கண்ணில் படுகிறது. பெயர் வைத்தவர்கள் பார்த்ததோ உள்ளே மடங்கி நிமிரும் அந்தத் தகட்டை. கிதாரின் ஜாக் கெடுவதும் பெரும்பாலும் அந்தத் தகட்டில்தான்.

ஒரு ஜாக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். மரை வெட்டிய குட்டைக் குழல் ஒன்று. பிளக்கின் உடல் பகுதி அதைத் தொடும், அதுதான் எர்த். குழலைத் தாண்டி வளைந்து நீளும் மெல்லிய தகடு ஒன்று. தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் கம்பி அதன் வாலில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிளக்கின் நுனி குமிழாக இருக்கும், குமிழுக்குப் பின்னால் கழுத்து குறுகும். பிளக்கை மெல்ல உள்ளே தள்ளினால் தகடு முதலில் குமிழின் மேல் ஏறும், பிறகு கழுத்தில் இறங்கி உட்காரும். நாம் கேட்கும் அந்த 'டக்' இதுதான். அந்தச் சத்தம் மந்தமாகிவிட்டாலோ, பிளக் தொளதொளவென்று வெளியே வந்தாலோ, தகடு விறைப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கை எடுத்துவிட்டுத் தகட்டை விரலால் உள்பக்கமாகச் சற்றே வளைத்தாலே பல ஜாக்குகள் பிழைத்துக்கொள்ளும். தகட்டின் முனை கறுத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும். பிக்கப்பிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கிலான மின்னழுத்தம், மிஞ்சிப்போனால் ஒரு வோல்ட் பக்கம். மெல்லிய அழுக்குப் படலமே அதைக் கரகரப்பாக்கிவிடும்.

பழுது எங்கே என்பதைக் காதாலேயே ஓரளவு பிடித்துவிடலாம். முதலில் நன்றாக வேலை செய்யும் வேறு கேபிளைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கெடுவது அதிகமும் கேபிள்தான். அப்படியும் தீரவில்லை என்றால் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தமே இல்லையா? சிக்னல் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது அது எர்த்தைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கலாம். பலத்த இரைச்சல் மட்டும் கேட்கிறதா? எர்த் கம்பி விட்டிருக்கிறது. பிளக்கை ஆட்டும்போது விட்டு விட்டு வருகிறதா? கோளாறு தகட்டில், அல்லது கம்பியைப் பற்றவைத்த இடத்தில்.

உறுதியாகத் தெரிய மல்டிமீட்டர் வேண்டும். பேட்டரி இல்லாத கிதார் என்றால் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 5 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட், ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பிளக்கை ஆட்டும்போது எண் தாவினால் பழுது ஜாக்கில்தான்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அகராதியைப் புரட்டியதும் கண்ணில் படும் 'பாரந்தூக்கி'யை எடுத்துக் கிதாருக்குப் போட்டுவிடக் கூடாது, அது வண்டிக்கானது. பிளக்குக்குச் 'செருகி' நன்றாகவே நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ஜாக்குக்குத் துளை, குழி என்று முடியும் சொற்கள் எனக்கு உடன்பாடில்லை. துளை வெறுமனே இருக்கும், பிடித்துக்கொள்ளாது. 'பொருத்துவாய்' சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதனால் நான் எழுதுவது 'செருகுவாய்'. செருகியோடு இணையாக நிற்கிறது. வாய் என்றதும் உள்ளே இருக்கும் தகட்டை 'நாக்கு' என்று சொல்லிவிடவும் வழி பிறக்கிறது. கிதாரில் இருப்பது 'வெளியீட்டுச் செருகுவாய்'. 'ஒலி வெளியீடு' என்று எழுதுவது பிழை; அங்கே வெளியேறுவது மின்குறிகை, ஒலியாக மாறுவது ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரில்தான். பேச்சில் ஜாக் என்றே சொல்லலாம், குற்றமில்லை. எழுதும்போது செருகி, செருகுவாய் என்று பிரித்துவிட்டால் படிப்பவர் தவறான பாகத்தைக் கழற்ற மாட்டார்.

கூடவே இன்னொரு சொல். கம்பியைப் பற்றவைக்க உருக்கி விடும் சால்டருக்குத் தமிழில் புதுச்சொல் உருவாக்கவே தேவையில்லை. பொற்கொல்லர்கள் காலங்காலமாகப் புழங்கிய 'பற்றாசு' இருக்கிறது. யாப்பிலக்கணக்காரர்களே அதைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்: வெண்பாவில் முதற்குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையில் ஓரிரு அசை சேர்த்தால் அதை ஆசு என்று சொல்லி, அந்தப் பாட்டை ஆசிடை நேரிசை வெண்பா என்றார்கள்.

செருகுவாயில் பற்றாசு விட்டுப்போவதற்கு மிகப் பெரிய காரணம் வெளியே இருக்கும் நட்டு. அது தளர்ந்ததும், செருகியைச் செருகும்போதெல்லாம் செருகுவாய் முழுதும் சுழலும். உள்ளே கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஒருநாள் பிய்ந்துவிடும். வெளியே நட்டை மட்டும் திருகினாலும் இதே கதிதான். மூடியைத் திறந்து, உள்ளே செருகுவாயைக் கையால் பிடித்துக்கொண்டு, நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் போடுங்கள். பல் வாஷர் இல்லையென்றால் ஒன்று சேர்த்துவிடுங்கள். கம்பி ஏற்கெனவே விட்டிருந்தால், பழைய பற்றாசை உருக்கி எடுத்துவிட்டு, நாக்கின் வாலைச் சூடாக்கி அதன் மேல் புதுப் பற்றாசு தானாக ஓடும்படி விட வேண்டும். மூன்று கால் உள்ள செருகுவாய் என்றால் திறந்ததுமே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உள்ள கிதார்களில் மூன்றாவது கால் பேட்டரியின் நெகட்டிவ் முனைக் கம்பிக்கானது. செருகியைச் செருகியதும் மின்சுற்று முழுமையாகி மின்சாரம் ஓடத் தொடங்கும். அதனால்தான் வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள்.