சொல் விளக்கம்: குவாரன்டீன் – தொற்றுத்தடைக் காப்பு

சிட்னித் துறைமுக வாயிலின் வடக்கு முனையில் 1830களிலிருந்து 1984 வரை இயங்கிய குவாரன்டீன் நிலையத்தை இன்று பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கலாம். அங்கே தங்கவைக்கப்பட்ட பயணிகள் தம் பெயரையும், வந்த கப்பலின் பெயரையும், ஆண்டையும் கரையோரப் பாறைகளில் உளியால் செதுக்கியிருக்கிறார்கள். நடுக்கம் இல்லாத, நிதானமான எழுத்துகள் அவை. செதுக்கியவர்களில் பலருக்கு நோயே இல்லை. நோய் கண்ட கப்பலில் உடன்வந்தவர்கள் என்பதே அவர்களை நிறுத்திவைக்கப் போதுமான காரணமாயிற்று. குவாரன்டீன் என்ற சொல்லின் பொருளும் அதுதான்: நோய் தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயத்தின் பேரில், நலமாகத் தோன்றும் ஆளையோ விலங்கையோ சரக்கையோ ஒரு குறித்த காலம் வரை பிறரோடு கலக்கவிடாமல் வைத்திருத்தல்.

சொல்லின் வேர் வெனிஸ் மக்களின் பேச்சில் இருக்கிறது. அங்கே 'குவாரந்தா' என்றால் நாற்பது. ஆனால் இந்த வழக்கம் நாற்பதில் தொடங்கவில்லை. இன்று குரோவாசியாவில் துப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் வரலாம் என்று 1377இல் சட்டம் இயற்றியது. முப்பது நாற்பதானது பின்னர்தான். கிறித்தவர்களின் தவக்காலமும் நாற்பது நாள் என்பதால், அந்த எண்ணை மக்கள் ஏற்பது எளிதாயிருந்திருக்க வேண்டும். (கணவன் இறந்தபின் மனைவி அவன் வீட்டில் நாற்பது நாள் தங்கும் உரிமையையும் ஆங்கிலச் சட்டம் இதே சொல்லால் குறித்தது; அதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் பெரும் பூசலுக்கு உள்ளாயிற்று. காலரா ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறதா, கெட்ட காற்றால் வருகிறதா என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் என்று வணிகர்கள் முறையிட்டார்கள். இதைத் தீர்க்க 1851இல் பாரிசில் 12 நாடுகள் கூடின. ஆனால் எல்லோரும் ஏற்று நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை 1892இல் வெனிசில்தான் அமைந்தது. இதற்கிடையே தாள்கூட ஐயத்துக்குத் தப்பவில்லை. மால்ட்டா போன்ற துறைமுகங்களில் கடிதங்களை நீண்ட இடுக்கியால் பிடித்து, உறையைக் கீறி, உள்ளே புகை போட்ட பிறகே அனுப்பினார்கள். கீறல் தெரியும் அத்தகைய கடிதங்களை இன்றும் தபால் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். நுண்ணுயிரியல் வளர்ந்தபின் நாள் கணக்கு நோயரும்பு காலத்தை, அதாவது தொற்றியதிலிருந்து நோய் வெளிப்படும் வரையான காலத்தை, ஒட்டி அமைந்தது: 1951ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் காலராவுக்கு 5 நாள், பிளேகுக்கு 6 நாள், பெரியம்மைக்கு 14 நாள். பெயரில் மட்டும் நாற்பது ஒட்டிக்கொண்டது.

தமிழர்க்கு இது புதிய அனுபவமன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைத் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்களில் நிறுத்தி, அம்மை குத்தி, சில நாள் பார்த்த பின்னரே கடல் கடக்கவிட்டார்கள். 'மண்டபம் கேம்ப்' என்னும் ஊர்ப்பெயர் அந்த முகாமால் வந்ததே.

இனித் தமிழ்ச் சொல். கொரோனாக் காலத்தில் செய்தித்தாள்கள் 'தனிமைப்படுத்தல்' என்று எழுதி அதையே நிலைநிறுத்திவிட்டன. எளிய சொல்தான், ஆனால் நோய் உறுதியானவரைப் பிரித்து வைக்கும் 'ஐசொலேஷ'னுக்கும் அதையே எழுதுவதால், ஐயத்துக்குரியவரும் நோயாளியும் ஒன்றாகிவிடுகிறார்கள். தவிர, சிட்னியில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வளாகத்தில், அதிலும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பயணச்சீட்டுப்படி பிரிந்து தங்கினார்கள். அதில் தனிமை எங்கே?

இலங்கைத் தமிழில் வழங்கும் 'தொற்றுத்தடைக் காப்பு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சற்று நீளம் என்பது மெய்தான். ஆயினும் 'காப்பு' என்ற சொல் பாதுகாப்பையும் கட்டுப்பாட்டையும் ஒருங்கே சுமப்பது: அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டி இரவு தங்குவதில்லை, போலீசார் கையில் மாட்டுவதையும் காப்பு என்றே கேலியாகச் சொல்கிறோம். நோயாளியைப் பிரித்து வைப்பதற்குத் 'தனிமைப்படுத்தல்' இருக்கட்டும். துறைமுகத்தில் நிறுத்திய விதை மூட்டையையும் நாற்றையும் 'தனிமைப்படுத்தினார்கள்' என்று எழுதினால் சிரிப்பு வரும். 'தொற்றுத்தடைக் காப்பில் வைத்தார்கள்' என்றால் வராது.