வித்தாத்தானே சாரே நஷ்டம்?

மார்த்தாண்டத்தில் வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். ரிட்டர்ன் சீசனில் அலுவலக வாசலில் செருப்பு விட இடமிருக்காது. முன்பெல்லாம் ரப்பர், வாழை, வளைகுடாவிலிருந்து வரும் பணம், வீட்டு வாடகை என்று பழகிய கணக்குகளாகவே வரும். 2022-க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மற்ற காகிதங்களையெல்லாம் மேஜையில் வைத்த பிறகு, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "ஒரு சின்ன கிரிப்டோ விஷயமும் உண்டு சாரே" என்பார்கள். பிட்காயின் போல இணையத்தில் மட்டுமே இருக்கும் நாணயங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதுவரை அது ஒருவருக்கும் சின்ன விஷயமாக இருந்ததில்லை.

2025 சீசனில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து பால் வெட்டப் போகிறவர். 2024 டிசம்பரில் பிட்காயின் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதே, அந்த வாரத்தில் கணக்கு தொடங்கியிருந்தார். செயலியிலிருந்து இறக்கிய பட்டியலை நான் வரிவரியாகப் பார்த்தேன். தொகைகளைவிட என்னை உறுத்தியது நேரம். இரவு 1.40-க்கு ஒரு வாங்கல், 2.17-க்கு ஒரு விற்பனை, 2.31-க்கு மறுபடி வாங்கல், 2.33-க்கு அதே காயினில் இன்னும் கொஞ்சம். பங்குச் சந்தை மாலை 3.30-க்கு மூடிவிடும், மனதுக்கு ஓர் இடைவேளை கிடைக்கும். இந்தச் சந்தைக்குப் பூட்டே கிடையாது. தூக்கம் கெட்ட மனிதன் எடுக்கும் முடிவுகள் அந்தப் பட்டியலில் கிடந்தன.

பட்டியலை முடித்துக் கூட்டினால் இப்படி வந்தது. ஏறிய காயின்களையெல்லாம் பத்து நாள், பதினைந்து நாளில் விற்று எண்பதாயிரம் லாபம் எடுத்திருக்கிறார். விழுந்த காயின் ஒன்றைக்கூட விற்கவில்லை. 2,60,000 ரூபாய்க்கு வாங்கியவை அன்றைய விலையில் 70,000 பெறும். கேட்டபோதுதான் சொன்னார்: "வித்தாத்தானே சாரே நஷ்டம்? ரப்பர் விலை விழுந்தப்போ ஷீட்டை விக்காம வச்சிருந்தோம். பொறவு ஏறிச்சில்லியா?"

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. இந்த மண்ணில் பட்டுக் கற்ற பாடம். 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போன ரப்பர் 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே வந்தது. 2024-ல் மறுபடி 200-ஐத் தாண்டியது. பொறுத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மைதான். ஆனால் ரப்பருக்குப் பின்னால் டயர் இருக்கிறது, விலை எவ்வளவு விழுந்தாலும் அதை வாங்கியே தீரவேண்டிய தொழிற்சாலை இருக்கிறது. எத்தனையோ காயின்களுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் லூனா என்ற காயின் எண்பது டாலர் அளவில் இருந்தது. பத்தே நாளில் அது ஒரு பைசாகூடப் பெறாமல் போனது. அதை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. விற்கவில்லை என்பதற்காக அவர்கள் பணம் எங்கும் பத்திரமாக இல்லை.

நஷ்டத்தின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். அது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னர் அவர்களே கணக்கிட்டார்கள். அந்த வலிக்குப் பயந்துதான் நாம் ஏறியதைச் சீக்கிரம் விற்றுவிட்டு, விழுந்ததை மடியில் கட்டிக்கொண்டு உட்காருகிறோம். ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தை 1985-ல் எடுத்துக்காட்டினார்கள். டெரன்ஸ் ஓடீன் 1998-ல் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் பத்தாயிரம் கணக்குகளைப் பார்த்தபோதும் அதையேதான் கண்டார். இதில் குலசேகரத்துக்காரர், அமெரிக்கர் என்ற வேறுபாடே இல்லை.

நம் நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைத்தான் என் மேஜையில் அடிக்கடி பார்க்கிறேன். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரித் தொகையின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. அடிப்படை விலக்கு வரம்பெல்லாம் இதற்குப் பொருந்தாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆக, எண்பதாயிரம் லாபத்துக்கு 24,960 ரூபாய் வரி. கையில் 1,90,000 குறைந்து நிற்கிறது என்பதை வரிச் சட்டம் கண்டுகொள்ளாது. அவர் அதிர்ந்துபோனார். "மொத்தத்தில் எனக்குப் போச்சேன்னு பார்த்தா, நான் வரியும் கெட்டணுமா?" ஆமாம், கட்டத்தான் வேண்டும். ஏறியதை மட்டும் விற்கிறவருக்கு வரி மட்டும் மிஞ்சுகிறது.

2022 ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனைத் தொகையிலும் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடிக்கிறார்கள். லாபமா நஷ்டமா என்று அதற்குக் கணக்கில்லை. இவர் வாங்கி விற்று, வாங்கி விற்று 14 லட்ச ரூபாய்க்கு விற்பனை காட்டியிருந்தார். 14,000 ரூபாய் பிடித்திருந்தது. வரியில் அது கழிந்து 10,960 கட்டினால் போதும் என்று வந்தது. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து ரிட்டர்னில் இதைக் காட்டாமலே விடுகிறவர்கள், பிடித்த பணத்தையும் இழக்கிறார்கள். துறைக்குத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். டிடிஎஸ் பிடித்தவர்கள் அதன் கணக்கைத் துறைக்குக் கொடுத்ததும் அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிடும்.

சரி, இவ்வளவு பேர் உள்ளே வருவது எப்போது? விலை விண்ணைத் தொடும்போது. மத்திய வங்கிகளுக்கான வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கியின் ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பிட்காயின் 20,000 டாலருக்கு மேல் இருந்தபோதுதான் முக்கால்வாசிப் பேர் செயலியை முதன்முதலாக இறக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வளைகுடாவில் ஒரே அறையில் இருக்கும் ஆறு பேரில் ஒருவன் லாபத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவான். நஷ்டத்துக்கு யாரும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதில்லை. குடும்ப வாட்ஸப்பில் அது சுற்றி, ஊர்த் திருவிழாவுக்குள் பத்து வீட்டில் செயலி வந்துவிடும். 2017-ல் கேரள எல்லையோரச் சீட்டு நிறுவனம் ஒன்று கதவை மூடியபோது வாழ்நாள் சேமிப்பை விட்டவர்களின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

அப்புறம், விலை குறைவான காயின் மலிவானது என்ற நினைப்பு. "இது ஒரு பைசாவுக்கும் கீழே சார், ஒரு ரூபாய் ஆனாலே நாம கோடீஸ்வரன்" என்று கல்லூரி மாணவர் ஒருவர் ஷிபா இனு என்ற காயினைக் காட்டினார். அந்தக் காயின் புழக்கத்தில் சுமார் 589 லட்சம் கோடி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் ஆக வேண்டுமென்றால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். இந்தியாவின் ஓராண்டு மொத்த உற்பத்தியைவிடப் பெரிய தொகை. கூட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆனது. அதுவரை அவர் கூட்டிப் பார்த்ததில்லை.

மோசடிச் செயலிகளைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டெலிகிராமில் அறிமுகமானவர் ஒரு செயலியைத் தந்து, அதில் லட்சக்கணக்கில் லாபம் காட்டி, பணத்தை எடுக்கப்போனால் "முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள்" என்று கேட்டால், அது திருட்டு. வரியை நாம் நம் பான் எண்ணில் வருமான வரித் தளத்தில் கட்டுவோம். யாரோ அனுப்பும் வங்கிக் கணக்கில் போடுவதில்லை. ஏற்கனவே போட்ட மூன்று லட்சத்தைக் காப்பாற்ற இன்னொரு லட்சத்தைப் போடத் தூண்டுவதும் அதே நஷ்டப் பயம்தான். அப்படிப் போட்டுவிட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

குலசேகரத்துக்காரரிடம் நான் தோவாளையைப் பற்றிப் பேசினேன். அங்கே பூ வியாபாரி காலையில் என்ன விலைக்குப் பிச்சி வாங்கினார் என்பதை மாலையில் நினைத்துக்கொண்டு நிற்பதில்லை. வாங்கிய விலை கிடைக்கவில்லையென்றாலும் கிடைத்ததற்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார், ஏனென்றால் பூ வாடும். காயின் வாடுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இதைக் கேட்டேன்: "இந்த 70,000 ரூபாய் இப்போ ரொக்கமா உங்க கையில இருந்தா, இதே காயினை இன்னைக்கு வாங்குவீங்களா?" வெகுநேரம் ஃபோனையே பார்த்திருந்துவிட்டு, "வாங்க மாட்டேன்" என்றார்.

மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. "நீங்களே சொல்லிருங்க சாரே" என்றார் இவர். நான் மறுத்துவிட்டேன், பட்டியலை மட்டும் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் உள்ளே கூப்பிட்டுத் தானே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த அம்மா அழவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராத்திரி முழுக்க முழிச்சிருந்தது இதுக்குத்தானா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வளையல் எவ்வளவுக்கு இருக்குன்னு கேளுங்க சாரே" என்றார். வளையல் அடகில் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். எதற்கு என்றுதான் தெரியாமல் இருந்திருக்கிறது.

வட்டியோடு 90,000 ஆகியிருந்தது. அந்த வாரமே காயின்களை விற்று, ஒட்டுப்பால் (வெட்டிய இடத்தில் உறைந்த ரப்பர்) விற்ற காசையும் சேர்த்து வளையலை மீட்டுவிட்டதாக ஃபோன் செய்தார். அந்த விற்பனையில் பிடித்த 700 ரூபாயை அடுத்த ரிட்டர்னில் கேட்க வேண்டும் என்று அவருடைய ஃபைலின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.