ஊட்டியில் பருப்பு வேகாததற்கும் பயாப்சிக்கும் என்ன சம்பந்தம்?

ஊட்டியில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்துப் பாருங்கள், கேஸ்தான் தீரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. இதே சிக்கல் லேபிலும் வரும், அதுவும் கர்ப்பப்பை வாய் பயாப்சியில்.

அங்கே புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை சிஐஎன் 1, 2, 3 என்று பிரிப்பார்கள். கோளாறான செல்கள் மேற்படலத்தின் அடி மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறினால் 2, அதையும் தாண்டினால் 3. தகராறே இந்த 2-இல்தான். மாதவிடாய் நின்றபின் மெலிந்த படலமும், ஆறிவரும் படலமும்கூடப் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஒரே ஸ்லைடைப் பார்த்து இரண்டு பேத்தாலஜிஸ்ட்டுகள் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

அப்போது கைகொடுப்பது பி16 சாயம்: செல் பிரிவதற்கு பிரேக் போடும் பி16 என்ற புரதத்தை, அதில் ஒட்டும் ஆன்டிபாடியை வைத்துப் பழுப்பாகக் காட்டும். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ7 புரதம், செல் பிரிவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது. உடனே செல் பி16-ஐக் குவிக்கிறது: குன்னூர் இறக்கத்தில் வயர் அறுந்தது தெரியாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. அடியிலிருந்து இடைவெளியில்லாமல் பட்டையாகப் பழுப்பு ஏறினால் அது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்தான் என்பது உறுதியாகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்தால் அது கணக்கில் வராது. தெளிவாகத் தெரிகிற சிஐஎன் 1-க்கு இந்தச் சாயம் தேவையே இல்லை, சும்மா குழப்பத்தான் செய்யும்.

சரி, குக்கர் எங்கே வந்தது? கெடாமலிருக்க பார்மலினில் ஊறவைத்த திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், ஆன்டிபாடியால் பி16-ஐத் தொட முடியாது. அந்தப் பின்னலை அவிழ்க்க ஸ்லைடை பஃபர் கரைசலில் 95 டிகிரிக்கு மேல் இருபது நிமிடமாவது சூடாக்குவது வழக்கம். சென்னையில் திறந்த வாட்டர் பாத்தே போதும். ஊட்டியில் அது அந்தச் சூட்டை எட்டவே எட்டாது! நேரத்தை நீட்டி ஓரளவு ஈடுகட்டலாம்தான், ஆனால் என்னைக் கேட்டால் பிரஷர் குக்கர்தான் சரி, இந்த உயரத்திலும் அதற்குள் 110 டிகிரியைத் தாண்டும்.

சூடு பற்றாத ஸ்லைடு பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும், பழுப்பு மட்டும் வெளிறிப்போய், இருக்கிற நோய் இல்லாததுபோலத் தெரியும். அதனால்தான் பி16 நிச்சயம் உள்ள வேறொரு திசுத் துண்டையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றுகிறார்கள். அந்தத் துண்டு பழுப்பாகவில்லையா, நோயாளிக்கு 'நெகட்டிவ்' என்று எழுதக்கூடாது. புதுசாக ஒரு ஸ்லைடு வெட்டி, மறுபடி குக்கரை ஏற்ற வேண்டியதுதான்.