தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும், ரேடான் இழுபட்டு வரும்

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் கொத்தனார் ‘பேஸ்மட்டம்’ என்று சொன்னால், அது தரைக்கு மேலே மணல் கொட்டி எழுப்பும் மேடை. வெள்ளம் வந்தாலும் வாசற்படியோடு நிற்கட்டும் என்று போடுவது. பென்சில்வேனியாவில் வீடு வாங்கியிருக்கும் அக்கா மகனுக்கோ அதே சொல்லுக்குத் தரைக்குக் கீழே இருக்கும் அறை என்று பொருள். போன மாதம் போனில் கேட்டான்: “மாமா, பேஸ்மென்ட்ல தண்ணி கசியுது. வாட்டர்ப்ரூஃபிங் பண்ண வந்தவரு, முதல்ல ரேடான் டெஸ்ட் எடுங்கங்கிறாரு. ரெண்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?”

பாறையிலும் மண்ணிலும் கொஞ்சம் யுரேனியம் எங்கும் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. இந்த வரிசையில் வாயுவாக இருப்பது ரேடான் மட்டும்தான்; அதனால் மண்ணின் இடுக்குகள் வழியே நகர முடிகிறது. நிறமில்லை, மணமில்லை. கிணறு தூர்வாரும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அந்தச் சோதனைக்கெல்லாம் இது அகப்படாது. மூச்சு திணறாது, மயக்கமும் வராது. சுவாசித்த ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். வம்பு அதன் வாரிசுகளால்தான். ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம் திடப்பொருள். தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கி, ஆல்ஃபா கதிரை வீசுகிறது. புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்க்கு ரேடான் ஒரு முக்கியக் காரணம்.

1984 இல், அதே பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியர் வேலைக்கு உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையம் மின்சாரம் தயாரிக்கவே தொடங்காத நேரம். தேடிப் பார்த்ததில் கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அமெரிக்காவில் வீட்டுக்குள் ரேடான் அளக்கும் பழக்கம் பரவியது அதற்கப்புறம்தான். அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் 148 பெக்கெரலைத் தொட்டால் சரிசெய்யச் சொல்கிறார்கள். அதாவது நொடிக்கு 148 அணுக்கள் சிதைவது. உலக சுகாதார நிறுவனமோ அந்த வரம்பு 100 ஆகவே இருக்கட்டும் என்கிறது.

சரி, தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நுழையும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்: விரிசல், சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் நுழையும் ஓட்டை. நுழையும் விதம்தான் வேறு. வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சுமார் 10,000 பாஸ்கல் அழுத்தத்தோடு சுவரைத் தள்ளும். ரேடானுக்கு அவ்வளவு பலம் வேண்டாம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் சூடான காற்று மேலேறி மாடி வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப வீடு அடியிலிருந்து காற்றை இழுக்கும். சில பாஸ்கல் வித்தியாசம்தான். வீடே ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலாகி மண்ணின் காற்றைக் குடிக்கிறது.

அதனால் சுவரில் பெயின்ட் அடிப்பதும் விரிசலைப் பூசுவதும் போதாது. மயிரிழை இடுக்கு ஒன்று மிஞ்சினாலும் இழுப்பு வேலையைக் காட்டிவிடும். போதாக்குறைக்கு, நீர்க்கசிவுக்கு அங்கே செய்யும் வைத்தியமே சில சமயம் வினையாகிறது. தளத்தின் ஓரத்தில் துளைக்குழாய் பதித்து, நீரை ஒரு குழியில் சேர்த்து, மோட்டாரால் வெளியேற்றுவார்கள். அந்தக் குழி திறந்து கிடந்தால் மண்ணின் காற்றுக்கு அதுவே வாசற்கதவு.

“அப்ப நம்ம ஊர்ல?” என்றான். தரைக்குக் கீழே அறை இல்லாததே பாதிக் காவல். முற்றமும் திறந்த ஜன்னலும் இருக்கும் வீட்டில் காற்று தங்குவதில்லை. நனைந்த வண்டலும் துணைதான்: காற்றில் பரவுவதைவிட நீரில் ரேடான் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான் என்பதால், ஈரக் களியைக் கடந்து மேலே வருவதற்குள் பெரும்பகுதி செத்துவிடும். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது அந்தப் பூட்டு தளரும். முற்றத்தை மூடி ஏசி போட்டுக்கொள்ளும் புது வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை.

அவன் வீட்டுக்கான வழி, இழுப்பைத் திருப்பிவிடுவது. குழிக்குக் காற்றுப் புகாத மூடி போட்டு, தளத்துக்கு அடியில் உள்ள ஜல்லியிலிருந்து ஒரு பிவிசி குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், நடுவில் ஒரு விசிறி. இப்போது வீட்டைவிடத் தளத்துக்கடியில் அழுத்தம் குறைவு. ரேடான் வீட்டுக்குள் வராமல் கூரைக்கு மேலே போய்க் கரைந்துவிடும். நீர்வேலையையும் இதையும் சேர்த்தே செய்தால் தளத்தை இரண்டு முறை உடைக்க வேண்டாம். முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும்.

நேற்று படம் அனுப்பினான். குழாயில் அழுத்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு சின்ன U வடிவக் கண்ணாடிக்குழல், உள்ளே சிவப்புத் திரவம். நம் கொத்தனாரின் டியூப் மட்டம் மாதிரியேதான் இருந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தோஷம். இங்கே சமமாக நின்றால் விசிறி நின்றுபோய்விட்டது என்று அர்த்தம்.